வருவியா மக்கா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதை இல்லை. நடந்தது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, சானல்கரையில், எனக்கு நடந்தது. நம்பப் பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

நானும் உங்களைப் போன்ற ஆள்தான். பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் 'போய் வேலையைப் பாரும்' என்று சொல்லுகிறவன். பாறசாலை ஜங்ஷனில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். செத்த போனை எழுப்புவது என் தொழில். செத்த மனிதர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

இதை எழுதாதே என்று சொல்ல உரிமை உள்ளவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது இருவரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரி வரை சைக்கிள் பயணம். ஒன்பது பேர் போனோம். லீடர் ஜீனா. காட்டாக்கடைக்காரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வகுப்பில் பிள்ளைகளை மேய்ப்பது போலவே எங்களையும் மேய்த்தாள். அவள்தான் முதல் ஆள். நான் கடைசி ஆள். கடைசியில் வருகிறவனை எங்கள் குழுவில் 'வால்' என்பார்கள். சும்மாவே எனக்கு வால்தனம் அதிகம், பெயர் நன்றாகப் பொருந்திவிட்டது.

வாலுக்கு ஒரே ஒரு சட்டம். தனக்குப் பின்னால் யாரையும் விடக் கூடாது. பஞ்சர் ஆனாலும், வாந்தி எடுத்தாலும், உட்கார்ந்து அழுதாலும், அந்த ஆளோடு நான் நிற்க வேண்டும். முன்னால் இருந்து ஜீனா இரண்டு விசில் அடிப்பாள். 'எல்லாரும் உண்டா?' என்று அர்த்தம். நான் ஒரு விசில் அடிப்பேன். 'எல்லாரும் எனக்கு முன்னால்தான்' என்று அர்த்தம். காஷ்மீரில் இருந்து அப்படித்தான் வந்தோம்.

வால் வேலையை நான் கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் அஞ்சு.

அஞ்சு என் நண்பன் அஸ்வந்தின் மனைவி. அஸ்வந்தும் நானும் ஒன்றாம் வகுப்பில் இருந்தே ஒரே பெஞ்சு. அவனுடைய அப்பா பரமசிவன் மாமா ஒரு நாள் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். அஞ்சுவுக்கு அந்தப் பயம். டாக்டர் பார்த்து 'போகலாம்' என்று எழுதிக் கொடுத்த பிறகும் அவளுக்குச் சமாதானம் இல்லை. சைக்கிள்களை ஏற்ற பாறசாலை ஸ்டேஷனுக்குப் போனபோது, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவிய முன்னால போவட்டும். நீங்க பின்னால போணும். கண்ணுல இருந்து விடப்பிடாது. திருப்பி என் கையில கொண்டு தரணும்."

"நான் இருக்கேன்லா" என்றேன்.

அவ்வளவுதான் நான் கொடுத்த வாக்கு. பயணம் முழுவதும் அஸ்வந்தின் சைக்கிள் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். அந்தச் சிவப்புப் புள்ளி எனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். அது சாவு வீட்டில்கூட வாய்க்கு வராத சொல். 'வாறேன்' என்போம். போய்விட்டுத் திரும்பி வருவேன் என்று அர்த்தம். நாளைக்கே வருவேன் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் பஞ்சாப்காரர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு லாட்ஜை விட்டுக் கிளம்பும்போதும் அஸ்வந்த் கையை ஆட்டி "வாறேன்" என்பான். அவரும் அதைப் பிடித்துக்கொண்டு "வாறேன்ஜி!" என்று கத்த ஆரம்பித்தார். பிறகு எல்லாரும். வழியில் டீ கொடுத்தவன், காற்றடித்துக் கொடுத்தவன், குரைத்த நாய், எல்லாருக்கும் வாறேன். வாக்குக் கொடுப்பதில் அஸ்வந்த் கர்ணன். வாயில் இருந்து வந்தால் போதும், அது வாக்குதான்.

கடைசி நாள். கொல்லத்தில் இருந்து கன்னியாகுமரி. நடுவில் எங்கள் ஊர் பாறசாலை. ஜங்ஷனில் எல்லாருக்கும் சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பழம்பொரியும் கொடுக்க அஞ்சு ஏற்பாடு செய்திருந்தாள். துலாமழை நேரம், ஐப்பசி. காலையிலேயே ஆற்றிங்கல் பக்கம் நல்ல மழை. அஸ்வந்தின் போனுக்குள் தண்ணீர் போய் செத்துவிட்டது.

"எலே வைத்தியரே, இதைப் பிழைக்க வையும்" என்று என்னிடம் கொடுத்தான். சிம்மைக் கழற்றி என் பர்ஸில் போட்டேன். போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் பையில் வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரம் நெரிசலில் நேரம் போய்விட்டது. நெய்யாற்றின்கரையில் நின்று, என் போனில் இருந்து அஞ்சுவைக் கூப்பிட்டான். "இதோ எத்தியாச்சு, கிட்ட வந்தாச்சு. எண்ணெயைக் காய வைக்கச் சொல்லு" என்றான். அமரவிளைப் பாலம் தாண்டியதும் வண்டிகள் அசையாமல் நின்றன. முன்னால் ஒரு டாரஸ் லாரி குறுக்கே கிடக்கிறது என்றார்கள்.

"உள்வழி உண்டு" என்று ஜீனாவிடம் சொன்னேன். "சானல்கரை. ஒரே நேர். தப்பிப் போக வழியே இல்ல."

சானல் என்றால் நெய்யாறு அணையில் இருந்து வருகிற கால்வாய். ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் ரப்பர்த் தோட்டம். நடுவில் ஒரு ஜீப் போகிற அளவு கரை. சின்ன வயதில் நானும் அஸ்வந்தும் குளிக்க வந்த இடம். பிறகு வருடக்கணக்காக அந்தப் பக்கம் போனதில்லை.

ஏழு பேரும் முன்னால் போனார்கள். அஸ்வந்தின் செயின் கழன்றது. நான் நின்றேன். மாட்டிக் கொடுத்தேன். கையெல்லாம் கிரீஸ். நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் யாரையும் காணோம்.

மணி ஐந்து ஐம்பது. மழை விட்டிருந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது, ஆனால் ரப்பர் மரங்களுக்கு அடியில் அது வரவில்லை.

சற்றுத் தூரத்தில் ஒரு கலுங்கு. தண்ணீர் குறுக்கே போவதற்காகக் கட்டிய சின்னப் பாலம், இரண்டு பக்கமும் உட்காருகிற மாதிரி சிமெண்ட் திண்டு. எதிரில் ஒரு பெண் ஆட்டைக் கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கலுங்கில் ஏறியதும் தலையைக் குனிந்துகொண்டாள். சத்தமாகச் சொன்னாள்.

"போறேன்."

அங்கே யாரும் இல்லை. ஆட்டை இழுத்துக்கொண்டு எங்களைக் கடந்து வேகமாகப் போய்விட்டாள்.

அஸ்வந்த் சிரித்தான். "கேட்டியா? போறேன்னு சொல்லுது. யாருகிட்டயோ சண்டை போல."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சொல்லை அப்படிச் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கலுங்கை நெருங்கினோம்.

திண்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

இப்போது வந்து உட்கார்ந்தவர் மாதிரி இல்லை. வெகுநேரமாக இருக்கிறவர் மாதிரி. ஐம்பது வயது இருக்கும். சைக்கிள்காரர்கள் போடுகிற நீலச் சட்டை, வெயிலில் வெளுத்தது. பக்கத்தில் அவருடைய சைக்கிள் தலைகீழாக நின்றது. பஞ்சர் ஒட்டும்போது அப்படித்தான் வைப்போம்.

பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் கை மடியில் இருந்தது.

டிக்... டிக்... டிக்... டிக்...

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பெடல் மிதிக்காமல் சக்கரம் சும்மா உருளும்போது அந்தச் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் வேகம் குறையும், சத்தமும் குறையும். இது குறையவில்லை.

அஸ்வந்த் நிறுத்தினான். அவன் நிறுத்தாமல் போகிற ஆள் இல்லை. "அண்ணா, பஞ்சரா?"

"ம்."

"டியூப் உண்டு. தரட்டா?"

"வேண்டா. ஆளு வரும்."

"யாரு?"

"முன்னால போயிருக்காவ. வாறோம்னு சொல்லிட்டாக்கும் போனாவ."

எங்கள் ஆட்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சட்டையைப் பார்த்தேன். மத்தியானம் முழுக்க மழை. கரை சேறாகக் கிடந்தது. மரத்தில் இருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. திண்டு நனைந்திருந்தது. அவர் நனையவில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது. பயத்தை நான் எரிச்சல் என்று எடுத்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. "எலே அஸ்வந்தே, இருட்டுது. வா" என்றேன். அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை.

அஸ்வந்த் பெடலில் கால் வைத்தான். பழக்க தோஷம், கையை ஆட்டினான்.

"செரி அண்ணா. வாறேன்."

அப்போதுதான் அவர் முகத்தைத் தூக்கினார். சாதாரண முகம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிற முகம். சந்தோஷமாக இருந்தது.

"வருவியா மக்கா?"

அஸ்வந்த் சிரித்தான். "வாறேன்னு சொன்னா வருவேன் ஆக்கும்."

"செரி" என்றார் அவர். "இருக்கேன்."

கிளம்பினோம். அஸ்வந்த் முன்னால், நான் பின்னால். மழை மறுபடி தூற ஆரம்பித்தது. விளக்கைப் போட்டோம். அவனுடைய சிவப்புப் புள்ளி எனக்கு முன்னால் ஆடிக்கொண்டே போனது.

கொஞ்ச தூரம் போயிருப்போம்.

டிக்... டிக்... டிக்...

எனக்குப் பின்னால்.

திரும்பிப் பார்த்தேன். கரை காலியாக இருந்தது. தண்ணீரிலும் ஒன்றும் இல்லை. தொலைவில் கலுங்கு மங்கலாகத் தெரிந்தது. திண்டில் ஆள் இருக்கிறாரா என்று தெரியவில்லை.

நான் வால். எனக்குப் பின்னால் சைக்கிள் இருக்கக் கூடாது. பயணம் முழுவதும் எனக்குப் பின்னால் எந்தச் சைக்கிளின் சத்தத்தையும் நான் கேட்டதில்லை.

மிதித்தேன். சத்தமும் கூடவே வந்தது.

நிறுத்தினேன்.

அதுவும் நின்றது.

முன்னால் வெகுதூரத்தில் ஜீனாவின் விசில். இரண்டு. 'எல்லாரும் உண்டா?'

என் விசில் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. கையில் எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அதற்குள்...

எனக்குப் பின்னால் ஒரு விசில் கேட்டது.

ஒன்றே ஒன்று. நீளமாக. நான் அடிப்பது போலவே. 'எல்லாரும் எனக்கு முன்னால்தான்.'

முன்னால் இருந்து சத்தம் இல்லை. ஜீனா நிம்மதியாகப் போயிருப்பாள். நான் மறுபடி மறுபடி ஊதினேன். என் விசிலில் இருந்து வெறும் காற்று வந்தது.

அஸ்வந்த் வேகத்தைக் குறைத்து என் பெயரைச் சொன்னான். "சஜு..."

"நிக்காத. சவுட்டு, மிதிச்சுப் போ."

"கேட்டியா?"

"என்னது?"

"விளிக்குது, கூப்பிடுது."

"ஒண்ணும் விளிக்கல்ல. சவுட்டுலே!"

"அந்த அண்ணன் மக்கா. விளிக்காரு."

அவன் குரலில் பயம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் போய் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். சட்டை நனைந்து சூடாக இருந்தது. உள்ளே நெஞ்சு அடிப்பது என் கைக்குத் தெரிந்தது. அந்த அடிப்பை இப்போதும் என் உள்ளங்கை மறக்கவில்லை.

சங்கீதம் சொல்ல முயன்றேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தவறாமல் சொல்லுகிற பைபிள் சங்கீதம். முதல் வரிக்கு மேல் வரவில்லை.

முன்னால் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

கலுங்கு.

அதே கலுங்கு. சானல்கரை ஒரே நேர். வளைவு இல்லை. இன்னொரு கலுங்கு அந்த வழியில் கிடையாது. நான் அங்கே வளர்ந்தவன்.

திண்டில் ஆள் இல்லை.

சைக்கிள் மட்டும் தலைகீழாக நின்றது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"வாறேன்னு சொன்னேன்லா மக்கா..." என்றான் அஸ்வந்த்.

மின்னல் வெட்டியது. கண் முழுக்க வெள்ளை. இடி தலைமேலேயே விழுந்த மாதிரி. என் கை அவன் முதுகில் இருந்து நழுவியது. ஒரு நொடி... இரண்டு நொடி...

கண் தெளிந்தது.

சிவப்புப் புள்ளி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

கடவுளே என்று மூச்சு விட்டேன். கலுங்கு பின்னால் போய்விட்டது. பின்னால் சத்தமும் இல்லை. அந்தச் சிவப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மழை கண்ணில் அடித்தது. இமைக்கவில்லை.

"அஸ்வந்தே!"

பதில் இல்லை.

"வீடு எத்தியாச்சு மக்கா. அஞ்சு நிக்கும்."

பதில் இல்லை. விளக்கு மட்டும் போனது.

சானல்கரை முடிகிற இடத்தில் ஒரு ஏற்றம். மெயின் ரோட்டுக்கு ஏறுகிற இடம். செங்குத்து. எழுந்து நின்று மிதித்தாலும் மூச்சு வாங்கும். நான் எழுந்து நின்றேன்.

டிக்... டிக்... டிக்...

இந்த முறை பின்னால் இல்லை.

முன்னால்.

சிவப்பு விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேலே. நிதானமாக. அந்தச் சத்தம் பெடல் மிதிக்காதபோதுதான் வரும்.

மிதிக்காமல் யாரும் அந்த ஏற்றம் ஏற முடியாது.

நான் அவன் காலைப் பார்த்தேன்.

அசையவில்லை.

விளக்கு மேலே ஏறியது. மெயின் ரோட்டில் திரும்பியது. ஜங்ஷன் பக்கம் போனது. நானும் போனேன். வேறு என்ன செய்வேன்? கண்ணில் இருந்து விடக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

ஜங்ஷனில் தெருவிளக்குகள். பஸ், ஆட்டோ, ஆட்கள். சிவப்புப் புள்ளி வெளிச்சத்துக்குள் போனது. காணோம்.

பேக்கரி முன்னால் எங்கள் ஆட்கள் நின்றார்கள். பஞ்சாப்காரர் கையில் பழம்பொரி. ஜீனா என்னைப் பார்த்தாள். என் பின்னால் பார்த்தாள்.

"அஸ்வந்த் எவிடே?"

"இப்பம் முன்னால வந்தானே."

"யாரும் வந்தில்ல. நீ மட்டுமாணு வந்தது."

"சிவப்பு லைட்..."

"சஜு, யாரும் வந்தில்ல." பிறகு கேட்டாள், "விசில் அடிச்சது நீயல்லே?"

அஞ்சு பேக்கரிக்குள் இருந்து டீ கிளாஸ்களோடு வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அவளும் என் பின்னால் பார்த்தாள். நான் வால். என் பின்னால் யாரும் வரக் கூடாது.

"அவிய எங்க அண்ணா? இப்பம்தானே போன்ல விளிச்சாவ..."

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. ஜீனாவை இழுத்துக்கொண்டு ஒரு ஆட்டோவில் ஏறினேன்.

அவன் கலுங்கில் இருந்தான்.

திண்டில் உட்கார்ந்து, ரப்பர் மரத்தின் மேல் சாய்ந்து. கை மடியில். அவனுடைய சைக்கிள் பக்கத்தில் தலைகீழாக நின்றது. வேறு சைக்கிளோ வேறு ஆளோ இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சூடாக இருந்த முதுகு கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

ஆட்டோ விளக்கில் ஜீனாதான் முதலில் பார்த்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் தெப்பமாக நனைந்திருந்தோம்.

அஸ்வந்தின் சட்டை காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சடைப்பு என்றார்கள். அப்பாவுக்கு வந்தது மகனுக்கும் வந்தது என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் தலையாட்டினேன். அஞ்சு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு முறை என் கிரீஸ் படிந்த கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, பகலில், சானல்கரை ஏறுகிற இடத்தில் உள்ள சாயாக்கடைக்குப் போனேன். கடைக்காரர் செல்லையன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"செத்தவன் வாறேன்னு சொன்னானா?"

"சொன்னான்."

"நீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல்ல."

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ரெத்தினதாஸ் என்று ஒருவர். பக்கத்தில் காரோடு ஊர்க்காரர். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சைக்கிள் குழுவோடு கன்னியாகுமரிக்குப் போனார். கலுங்கில் பஞ்சர். கூட வந்தவர்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். வீடு பக்கம்தானே, தானே போய்க்கொள்வார் என்று நினைத்து, 'வாறோம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கிளம்பும்போது எல்லாரும் சொல்வது. அவர் அதைத் திரும்பி வருவோம் என்று எடுத்துக்கொண்டார்.

"இருந்தாரு. ராத்திரி முழுக்க மழை. காலையில ரப்பர் வெட்டப் போனவிய பார்த்தாவ. சட்டை நனையல்ல."

அடுப்பில் விறகைத் தள்ளினார்.

"அதுக்குப் பொறவு அந்தக் கலுங்குல நாங்க வாறேன்னு சொல்ல மாட்டோம் பாத்துக்கிடுங்க. போறேன்னு சொல்லிட்டாக்கும் போவோம்."

ஆட்டுக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். "வாறேன்னு சொன்னவிய வேற யாராவது உண்டா?"

செல்லையன் கிளாஸைக் கழுவினார்.

"சொன்னவிய யாரும் இங்க வந்து சாயா குடிச்சதில்ல" என்றார்.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்து, சாயங்காலம் ஆட்கள் போன பிறகு, அஞ்சுவிடம் அஸ்வந்தின் போனைக் கொடுக்கப் போனேன். கடையில் அதைப் பிரித்துப் பார்த்திருந்தேன். போர்டு முழுக்கத் துரு. எழுப்ப முடியாத கேஸ். சிம் அன்றைக்கு வைத்த மாதிரியே என் பர்ஸில் இருந்தது.

சுவரில் படம். அதன் முன்னால் விளக்கு. அஞ்சு கீழே உட்கார்ந்திருந்தாள். போனை வாங்கி மடியில் வைத்துத் தடவினாள்.

"இதுல இருந்தாக்கும் கடைசியா விளிச்சாவ" என்றாள்.

"நெய்யாற்றின்கரையில வச்சா? அது என் போன்."

"அதில்ல அண்ணா. அதுக்குப் பொறவு. நான் வீட்டைப் பூட்டிட்டு எறங்கும்போ. என் போனுல அவியளுக்க பேருதான் வந்துது." போனைத் திருப்பிப் பார்த்தாள். "பின்னால சைக்கிள் சத்தம் கேட்டுது. டிக் டிக்குன்னு."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல்ல. 'வருவியா'ன்னு கேட்டாவ. ஜங்ஷனுக்குத்தான் கேக்காவன்னு..."

"நீ என்ன சொன்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். இதென்ன கேள்வி என்பது போல.

"வேற என்ன சொல்லுவேன்? வாறேன்னு சொன்னேன்."

உட்கார முடியவில்லை. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். என்னவென்று சொல்வது? இனி சொல்லி என்ன ஆகப்போகிறது?

வெளியே மழை தூறியது.

கேட்டுக்கு அந்தப் பக்கம்...

டிக்... டிக்... டிக்...

அஞ்சு தலையைத் தூக்கினாள். அவளுக்கும் கேட்டது. அன்றைக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பார்த்தேன். போனை மடியில் இருந்து கீழே வைத்தாள். எழுந்தாள்.

"அஞ்சு, பேசாத!" என்று கத்தினேன். அவள் கையைப் பிடித்தேன்.

எங்கள் ஊரில் வாசலில் யாராவது வந்தால் உள்ளே இருந்து சொல்வது ஒரே ஒரு சொல்தான். அவள் அதைச் சொல்லிவிட்டாள்.

"இதோ வாறேன்..."

ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். தெருவில் யாரும் இல்லை.

அடுத்த வாரம் விடியற்காலையில் ரப்பர் வெட்டப் போனவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். கலுங்கின் திண்டில் அஞ்சு உட்கார்ந்திருந்தாள். கை மடியில். முகத்தில் அந்த வெளிச்சம். ராத்திரி முழுக்க விடாத மழை. நான் குனிந்து அவள் ஷாலைத் தொட்டுப் பார்த்தேன்.

நனைந்திருக்கவில்லை.